11 மாச அக்ரிமென்ட்டும் ஒரு அவகாடோ மரமும்

இன்னைக்கு எபிசோடுல ராஜா இல்ல, போர் இல்ல. ஆதம்பாக்கத்துல நான் வாடகைக்கு இருந்த வீட்டு மொட்டைமாடியில பக்கத்துப் பக்கத்துல இருந்த ரெண்டு பெயின்ட் வாளியைப் பத்தின கதை இது. ஒரு வாளியில பரங்கிக்கொடி. இன்னொண்ணுல அவகாடோ கன்னு, அதாவது பட்டர் ஃப்ரூட்.

ரெண்டுமே அமெரிக்கக் கண்டத்துல பிறந்த செடிங்க. ரெண்டையும் மனுஷங்க சுமார் பத்தாயிரம் வருஷமா சாப்பிட்டுட்டு வர்றாங்க. ஆனா வளர்றதுக்கு ரெண்டும் நம்மகிட்ட கேட்கிறது வேற வேற. அந்த வித்தியாசத்தைப் புரிஞ்சுக்கப் போய், எந்த ஊர்ல எந்தக் காலத்துல யார் எதை நட்டாங்கங்கிற ஒரு பெரிய வரலாறு கைல மாட்டிச்சு. அதைத்தான் இன்னைக்குப் பார்க்கப்போறோம்.

ரெண்டு வாளி

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஆடி மாசம். அம்மா ஊர்ல இருந்து நியூஸ்பேப்பர்ல மடிச்சு பரங்கி விதை கொடுத்து விட்டாங்க. போன வருஷம் சாப்பிட்ட காயோட விதை. கழுவி, வெயில்ல காய வச்சு, சமையலறை டப்பாவுல ஒரு வருஷம் தூங்கின விதை. அதை மண்ணுல போட்டேன், ஒரு வாரத்துல முளைச்சுது.

அதே சமயத்துல, ஆபீஸ்ல எல்லாரும் பண்றாங்களேன்னு, சூப்பர் மார்க்கெட்ல வாங்கின அவகாடோ கொட்டையில மூணு டூத்பிக் குத்தி, ஒரு டம்ளர் தண்ணி மேல உட்கார வச்சிருந்தேன். அது வாயைத் திறக்கவே ஒன்றரை மாசம் ஆச்சு.

பரங்கிக்கு அவசரம். நாள் பூரா வெயில் வேணும். உரம் எவ்வளவு போட்டாலும் சாப்பிடும். தண்ணி ஒரு நாள் தவறினா மத்தியானமே இலையெல்லாம் தொங்கிடும், சாயங்காலம் ஊத்தினா நிமிர்ந்துடும். ஒன்றரை மாசத்துல தண்ணி டேங்க் பைப்பைப் பிடிச்சு ஏறி, பக்கத்து வீட்டுக் கைப்பிடிச் சுவர் வரைக்கும் போயிடுச்சு. முதல்ல வந்தது எல்லாம் ஆண் பூ. அப்புறம்தான் அடியில குட்டிக் காயோட பெண் பூ வந்தது. விடியக்காலையில விரியும், மத்தியானத்துக்குள்ள மூடிடும். அந்த நேரத்துக்குள்ள தேனீ வரணும். எங்க மாடிக்கு வரல. அதனால தினமும் காலையில ஸ்டாண்ட்-அப் மீட்டிங்குக்கு முன்னாடி, ஆண் பூவைப் பறிச்சுப் பெண் பூவுல தடவிட்டு வருவேன். ரெண்டு காய் நின்னுச்சு. அதுல ஒண்ணைப் பொங்கல் வரைக்கும் வச்சிருந்து கூட்டு பண்ணோம். அதுக்குள்ள கொடி காய்ஞ்சு, சுருட்டி, குப்பைக்குப் போயிருந்தது.

அந்த ஆறு மாசத்துல அவகாடோ ஒரு முழம் வளர்ந்தது.

எப்பவும் ஓடிட்டே இருக்கிற மரம்

அவகாடோ ஒரு பசுமை மாறா மரம். அப்படின்னா இலையே உதிராதுன்னு அர்த்தம் இல்ல. உதிரும், ஆனா மொத்தமா மொட்டையாகாது. பழைய இலை போறதுக்குள்ள புது இலை வந்துடும். இதுல ஒரு விஷயம் ஒளிஞ்சிருக்கு. இலை உதிர்க்கிற மரத்துக்கு ஒரு லீவு உண்டு. அந்த மாசங்கள்ல அது அதிகமா எதுவும் கேட்காது. அவகாடோவுக்கு அந்த லீவே கிடையாது. வருஷம் முழுக்க இலை இருக்கு, அதனால வருஷம் முழுக்க வேர்ல ஈரம் இருந்தாகணும்.

எங்க பாஷையில சொல்லணும்னா, பரங்கி ஒரு பேட்ச் ஜாப். ஓடும், அவுட்புட் கொடுக்கும், முடிஞ்சுடும். அவகாடோ ராத்திரி பகலா ஓடுற சர்வர். நீங்க ஊருக்குப் போனாலும் அது ஓடிட்டுத்தான் இருக்கும்.

ஈரம் வேணும்னு சொன்னேன்ல, அதே ஈரம் தேங்கினா இந்த மரம் செத்துடும். அதோட வேர் ஆழமாப் போகாது. பெரும்பாலும் மேல் மண்ணுலயேதான் பரவும். மத்த செடிகளுக்கு இருக்கிற மாதிரி வேர்த்தூவிகளும் பெருசாக் கிடையாது. காத்தோட்டமான, இலை மக்கின மலைச்சரிவு மண்ணுல வாழ்ந்து பழகின வேர் அது. தண்ணி நின்னுச்சுன்னா மூச்சு முட்டும். கூடவே ஃபைட்டோஃப்தோரா-ன்னு ஒரு நுண்ணுயிர் வந்து வேரை அழுகவச்சுடும். அந்த வருஷம் ஐப்பசி மழையில என் வாளியோட ஓட்டை அடைச்சுக்கிச்சு. நான் மூணு நாள் கவனிக்கல. இலை நுனியெல்லாம் கருகி, பாதி கொட்டிடுச்சு. அவசரமா வேற தொட்டிக்கு, அடியில ஜல்லி போட்டு மாத்தினேன். பிழைச்சுக்கிச்சு.

அடுத்து, காத்திருப்பு. விதையில இருந்து வந்த அவகாடோ காய்க்க அஞ்சு வருஷம் ஆகலாம், பத்துக்கு மேலயும் ஆகலாம். அப்படிக் காய்ச்சாலும் நீங்க சாப்பிட்ட அதே பழம் வராது. ஒவ்வொரு கொட்டையும் ஒரு புது ஆள். அதே பழம் வேணும்னா ஒட்டுக்கட்டணும்.

என் வீட்டு வாடகை அக்ரிமென்ட் எவ்வளவு காலம்? உங்களுக்கே தெரியும். 11 மாசம். அந்தக் கணக்குக்குள்ள பரங்கி ரெண்டு தடவை வந்துட்டுப் போயிடும். அவகாடோ ஒரு தடவைகூட வராது.

குகையில கிடைச்ச விதை

இப்போ மெக்சிகோவுக்குப் போவோம். ஓக்ஸாக்கா மாநிலத்துல கிலா நாகிட்ஸ்-ன்னு ஒரு சின்ன பாறைக்குகை. 1966ல தொல்லியல் ஆய்வாளர் கென்ட் ஃபிளானரி குழு அங்க தோண்டினாங்க. வறண்ட இடம்ங்கிறதால விதை, ஓடு, காம்பு எல்லாம் மக்காம இருந்தது. 1997ல புரூஸ் ஸ்மித் அந்த விதைகளை நேரடியா கார்பன் டேட்டிங் பண்ணிப் பார்த்தார். சுமார் 10,000 வருஷம் பழசு, அதுவும் மனுஷங்க வளர்த்த வகை. அது பெப்போங்கிற இனம். இன்னைக்கு சுக்கினி, ஹாலோவீன் பூசணி எல்லாம் அந்த வழியில வந்தது. நம்ம பரங்கி மொஸ்காட்டா, அதே குடும்பத்துத் தங்கச்சி.

இதுல என்ன விசேஷம்னா, அதே குகையில கிடைச்ச மக்காச்சோளக் கதிருக்கு வயசு சுமார் 6,250 வருஷம்தான். அதாவது, ஊர், வயல், களஞ்சியம்னு எதுவும் வர்றதுக்கு ஆயிரக்கணக்கான வருஷம் முன்னாடியே, சீசனுக்கு சீசன் இடம் மாறிட்டு இருந்த மனுஷங்க பூசணி வளர்த்திருக்காங்க. அந்தக் குகையிலயே அவங்க வருஷம் முழுக்கத் தங்கினது இல்ல. சில மாசம் தங்கிட்டுக் கிளம்பிடுவாங்க.

எனக்கு இது உடனே பிடிபட்டது. கொடியோட தேவை இடம் மாறுற வாழ்க்கைக்கு அப்படியே பொருந்துது. ஒரு மழைக்காலம் போதும். விதையைக் காய வச்சு மடியில கட்டிக்கிட்டுப் போகலாம். முத்தின காயை மாசக்கணக்குல வைக்கலாம். 11 மாச அக்ரிமென்ட் ஆளுங்களுக்கான காய் இது.

சோ, என் தியரி ரெடி. நாடோடிக்குக் கொடி, நிலைச்சவனுக்கு மரம். முதல்ல கொடி வந்தது, ஊர் உருவானப்புறம் மரம் வந்தது. அழகா இருக்குல்ல? ஆனா தப்பு.

தியரியை உடைச்ச குகை

மேற்கு ஹோண்டுராஸ் மலையில எல் ஹிகாந்தேன்னு ஒரு குகை. இதுவும் வறண்டது. இங்க அவகாடோ தோலும் கொட்டையும் அடுக்கடுக்கா, ஆயிரக்கணக்கான வருஷத்துக்குக் கிடைச்சிருக்கு. 2025ல வெளிவந்த ஆய்வுப்படி, அங்க இருந்தவங்க சுமார் 11,000 வருஷத்துக்கு முன்னாடியே காட்டு அவகாடோ சாப்பிட்டிருக்காங்க. சுமார் 7,500 வருஷத்துக்கு முன்னாடியே கொட்டை பெருசாகி, தோல் தடிச்சுக்கிட்டே போயிருக்கு. பெரிய பழம் தர்ற மரத்தை மனுஷங்க தேர்ந்தெடுத்துக் காப்பாத்தினதோட அடையாளம் அது. அங்க மக்காச்சோளம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடி.

அவங்ககிட்ட பட்டா இல்ல, வேலி இல்ல, நிரந்தரமான ஊரும் இல்ல. அப்போ மரத்தை எப்படி வளர்த்தாங்க?

அவங்க மரத்தை நட்டதை விட, இருந்த மரத்தைப் பார்த்துக்கிட்டதுதான் ஆரம்பம்னு ஆய்வாளர்கள் நினைக்கிறாங்க. நல்ல மரத்தைச் சுத்தி இருக்கிற புதரை வெட்டி வெளிச்சம் விடறது. மோசமான மரத்தை எடுத்துடறது. அடுத்த சீசன் திரும்பி வர்றது. இதுக்கு அங்கயே குடியிருக்கணும்னு இல்ல. ஆனா திரும்பி வரணும். நீ வராட்டி உன் பொண்ணு வரணும், அவ வராட்டி அவளோட புள்ள வரணும். பாதை மறக்கக் கூடாது.

மரத்துக்குத் தேவை சொந்தக்காரன்னு நான் நினைச்சிருந்தேன். உண்மையில அதுக்குத் தேவை திரும்பி வர்ற ஆளு.

பல ஆயிரம் வருஷம் கழிச்சு, மாயா மக்களோட பாலேங்கே நகரம். அங்க ஆண்ட பக்கால் மன்னர் கி.பி. 683ல இறந்தார். அவரோட கல்லறையை 1952ல ஆல்பர்ட்டோ ரூஸ் கண்டுபிடிச்சார். அந்தக் கல்பெட்டியோட பக்கங்கள்ல பக்காலோட முன்னோர்களைச் செதுக்கியிருக்காங்க. ஒவ்வொருத்தரும் மண்ணுல இருந்து ஒரு பழமரத்தோட முளைச்சு வர்ற மாதிரி. கொக்கோ, கொய்யா, அவகாடோ. முன்னோரைக் காட்ட ஏன் கொடியை வரையலன்னு யோசிச்சேன். கொடி ஒரு வருஷத்து விருந்தாளி. தாத்தாவைப் பார்த்த மரம் பேரனையும் பார்க்கும்.

கப்பல் ஏறின விதை, ஏறாத விதை

ஒரு நிமிஷம் விதையைப் பத்திப் பேசியே ஆகணும். பரங்கி விதை காய்ஞ்சா தூங்கும். அவகாடோ கொட்டை காய்ஞ்சா செத்துடும். சில வாரத்துக்குள்ள ஈரமண்ணுக்குப் போகலன்னா முடிஞ்சுது. பாய்மரக் கப்பல் காலத்துல இது சின்ன வித்தியாசம் இல்ல.

கொலம்பஸ் கரை சேர்ந்தது 1492. 1515க்கும் 1518க்கும் நடுவுல ரோம் நகரத்துல வில்லா ஃபார்னெசினாங்கிற மாளிகையில ரஃபேல் பட்டறை ஓவியர்கள் வரைஞ்ச பூமாலைகள்ல அமெரிக்கப் பூசணிகள் இருக்கு. கால் நூற்றாண்டுக்குள்ள விதை கடல் தாண்டி, முளைச்சு, காய்ச்சு, ஓவியத்துக்கும் வந்தாச்சு.

நம்ம ஊருக்கு அதைக் கொண்டுவந்தது போர்ச்சுகீசியர்கள். அதுக்குச் சாட்சி பேர்லயே இருக்கு. ஐரோப்பியனை 'பரங்கி'ன்னு கூப்பிட்டோம். பரங்கி கொண்டுவந்த காய் பரங்கிக்காய். பரங்கிகள் இருந்த மலை பரங்கிமலை. எங்க மாடியில நின்னா அந்த மலை தெரியும். அதைப் பார்த்துக்கிட்டேதான் நான் பரங்கிக்குத் தண்ணி ஊத்தியிருக்கேன், ஆனா ரெண்டு வார்த்தையும் ஒண்ணுன்னு இந்த எபிசோடுக்குப் படிக்கிறவரைக்கும் தோணவே இல்ல. இன்னைக்குப் பொங்கல் கூட்டுல பரங்கி இல்லன்னா பாட்டி கோவிச்சுப்பாங்க. வெளிநாட்டுக்காரன் பேரை வச்சுக்கிட்டே அது நம்ம வீட்டுக்காய் ஆயிடுச்சு.

அவகாடோ? இலங்கை வழியா அது இந்தியாவுக்கு வந்ததே 20ஆம் நூற்றாண்டோட ஆரம்பத்துலதான். பரங்கிக்கும் அதுக்கும் சுமார் 400 வருஷ இடைவெளி. இதுக்குக் கொட்டை மட்டுமே காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா காயவைக்க முடியாத, பழம் பார்க்கப் பல வருஷம் ஆகிற, தண்ணி தேங்காத சரிவு கேட்கிற ஒரு செடியை எந்த மாலுமி மடியில கட்டிக்கிட்டு வருவான்?

போஸ்ட்மேனோட மரம்

இன்னொரு ஆளைப் பார்த்துட்டு நம்ம மலைக்கு வந்துடலாம். அமெரிக்காவுல கலிபோர்னியா, லா ஹாப்ரா ஹைட்ஸ். ருடால்ஃப் ஹாஸ், ஒரு போஸ்ட்மேன். 1926 வாக்குல கொஞ்சம் கொட்டை வாங்கி நட்டார். அதுல ஃபுவெர்ட்டேங்கிற பிரபலமான வகையை ஒட்டுக்கட்டறதுதான் பிளான். ஃபுவெர்ட்டேன்னா ஸ்பானிஷ்ல 'பலமானது'. மெக்சிகோவுல இருந்து 1911ல கொண்டுவந்த ஒட்டுக்குச்சி, 1913ல கலிபோர்னியாவுல விழுந்த கடும் உறைபனியிலயும் சாகல. அதனால அந்தப் பேர்.

ஹாஸ் நட்டதுல ஒரே ஒரு கன்னு மட்டும் ஒட்டை ஏத்துக்கவே இல்ல. திரும்பத் திரும்பக் கட்டியும் பிடிக்கல. வெட்டிப் போட்டுடலாம்னு இருந்தவரை, ஒட்டுக்கட்ட வந்தவர் "நல்லாத்தானே வளருது, இருந்துட்டுப் போகட்டும்"னு தடுத்தார்னு சொல்வாங்க. சில வருஷம் கழிச்சு அந்த மரம் கறுத்த, சொரசொரப்பான தோலோட காய்ச்சுது. 1935ல ஹாஸ் அதுக்குப் பேட்டன்ட் வாங்கினார். ஆனா பேட்டன்டால அவருக்குப் பெரிய லாபம் இல்ல. ஒரு கன்னு வாங்கினவங்க அதுல இருந்து தாங்களே ஒட்டுக்கட்டித் தோப்பு முழுக்கப் போட்டுக்கிட்டாங்க. அவர் தபால் வேலையைத் தொடர்ந்தார். 1952ல பேட்டன்ட் காலாவதியாச்சு, அதே வருஷம் அவரும் இறந்துட்டார்.

இன்னைக்கு உலகச் சந்தையில விக்கிற அவகாடோவுல பெரும்பங்கு ஹாஸ்தான். ஒவ்வொரு ஹாஸ் மரமும் அந்த ஒரே மரத்தோட துண்டு. தாய்மரத்தைச் சுத்தி வீடுகள் வந்தப்புறமும் அது நின்னுச்சு. 2002ல வேரழுகல் நோயால செத்துது. ஒரு நினைப்புல நட்டவன் பணம் பார்க்கல, ஆனா வெட்டாம விட்டதால உலகம் சாப்பிடுது.

தாண்டிக்குடி

போன சித்திரையில என் ஹவுஸ் ஓனரம்மா சொன்னாங்க: "தம்பி, பையன் கல்யாணம் ஆகி வர்றான்ப்பா. அக்ரிமென்ட் முடியறப்போ வீட்டைக் கொடுத்துடுறியா?" அவங்க மேல தப்பே இல்ல. அவங்க வீடு. ஆனா புதுசாப் பிடிச்ச ஃபிளாட்ல மாடிக்குப் பூட்டு. அவகாடோ அப்போ என் இடுப்பு உயரம் இருந்தது.

என் காலேஜ் ரூம்மேட்டோட அப்பாவுக்குக் கீழ்பழனி மலையில, தாண்டிக்குடி பக்கம் கொஞ்சம் காபித் தோட்டம் இருக்கு. அந்தப் பக்கம் காபிக்கு நடுவுல ரொம்ப வருஷமாவே பட்டர் ஃப்ரூட் மரங்கள் உண்டு. தடியன்குடிசையில இருக்கிற தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் டி.கே.டி.1-ன்னு ஒரு வகையையே அங்க இருந்து வெளியிட்டிருக்கு. காரோட பின்சீட்ல தொட்டியை வச்சு, சீட் பெல்ட் போட்டு, மலை ஏறினோம்.

மாமா கன்னைச் சுத்திச் சுத்திப் பார்த்தார். "கொட்டைக் கன்னு. எப்படிக் காய்க்கும்னு சொல்ல முடியாது. சரி, வைப்போம். தண்ணி வடியற எடமாப் பார்த்து வைக்கணும்." காபிச்செடி நிழல் லேசா விழற ஒரு சரிவுல குழி எடுத்தோம்.

திரும்பி வர்ற வழியில தோட்டத்துல வேலை செய்றவங்களோட வரிசை வீடுகள். ஒவ்வொரு வீட்டுக் கூரை மேலயும் பரங்கியோ சௌசௌவோ படர்ந்திருந்தது. மரம் ஒண்ணுகூட இல்ல. வாசல்ல உட்கார்ந்திருந்த ஒரு அக்காகிட்ட, "நீங்களும் ஒரு பட்டர் ஃப்ரூட் வைக்கலாமேக்கா"ன்னு கேட்டுட்டேன்.

அவங்க சிரிச்சாங்க. "நாங்க வச்சா யாருக்குத் தம்பி காய்க்கும்?"

பத்தாயிரம் வருஷத்து வரலாற்றை நான் படிச்சுட்டு வந்து சொல்ல நினைச்சதை அவங்க ஒரு வரியில சொல்லிட்டாங்க. அவங்களுக்கு மரம் வளர்க்கத் தெரியாம இல்ல. அந்தத் தோட்டத்து மரம் எல்லாத்தையும் பார்த்துக்கிறதே அவங்கதான். அந்த வீட்டுல அடுத்த வருஷம் இருப்போமான்னு தெரியாது, அவ்வளவுதான். வெயில், தண்ணி, உரம், வடிகால்னு செடியோட தேவைகளை நாம லிஸ்ட் போடறோம். அந்த லிஸ்ட்ல எழுதாம விடற ஒண்ணு இருக்கு. நட்டவங்களுக்கு நாளைக்கும் அங்க வர்ற உரிமை இருக்கணும். எல் ஹிகாந்தே குகைக்காரங்களுக்கு வீடு இல்ல, ஆனா அது இருந்தது. எனக்கும் அந்த அக்காவுக்கும் வீடு இருக்கு, அது இல்ல. ஆனா எனக்கு ஒரு நண்பனோட அப்பா இருக்கார். அந்த அக்காவுக்கு அதுவும் இல்ல. நாங்க ரெண்டு பேரும் ஒண்ணுன்னு சொன்னா அது பொய்.

கிளம்பறப்போ மாமா சொன்னார்: "வருஷத்துக்கு ஒரு தடவையாவது வந்து பார்த்துட்டுப் போப்பா. காய்ச்சா உனக்குப் பாதி." நான் காயைப் பத்தி யோசிக்கல. "வந்து பார்த்துட்டுப் போ"ங்கிறதுதான் மனசுல நின்னுச்சு. வர்ற சித்திரைக்கு டிக்கெட் போட்டுட்டேன்.

புது ஃபிளாட் பால்கனியில இப்போ ஒரு வாளி இருக்கு. அம்மா கொடுத்த விதையில கொஞ்சம் மிச்சம் இருந்தது. இந்த எபிசோடு ரெக்கார்ட் பண்ற இன்னைக்குக் காலையில முதல் பெண் பூ விரிஞ்சிருக்கு. மத்தியானத்துக்குள்ள மூடிடும், அதனால நான் கிளம்பறேன்.

உங்க வீட்டுல, ஊர்ல, நீங்க நடாம நீங்க சாப்பிடற மரம் ஏதாவது இருந்தா, அதை நட்டவங்க யாருன்னு வீட்டுல கேட்டு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம் மக்களே.